மகமைத் தண்ணீர்

கையில் நாலு காசு சேர்ந்துவிட்டால் ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, "எப்படிச் சம்பாதித்தீர்கள் என்று நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதே. சைக்கிளில் போய் வர முடியாத தூரத்தில் இருக்கிற நிலத்தில் பணம் போடாதே. கடையை விலைக்கு வாங்கலாம், வாடிக்கையை வாங்க முடியாது. இதற்கெல்லாம் கை தட்டுவார்கள். எப்படிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருவொற்றியூரில் ஒரு கோடையில் நான் செய்த தர்மத்தைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்திருக்கும். போர்த்திய சால்வையைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் தெற்கத்திக்காரன். ராயபுரத்தில் ஒரு சின்ன மளிகைக் கடையோடு பட்டணத்து வாழ்க்கையைத் தொடங்கினேன். என் கடைக்கு நேர் எதிரே, எனக்கு ரொம்ப காலம் முன்பிருந்தே ஒரு கடை நடந்துகொண்டிருந்தது. முதல் ஆறு மாதம் சீனியை வாங்கிய விலைக்கும் கீழே விற்றேன். சீனிக்கு வந்தவர்கள் பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போனார்கள். ஏழாவது மாதம் எதிர்க்கடையின் ஷட்டர் இறங்கியது. அடுத்த வாரமே சீனி விலையை ஏற்றினேன். அந்தக் கடைக்காரர் பிறகு ஒரு குடோனில் வாட்ச்மேனாகப் போனார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கடையிலிருந்து கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம் ஏற்றிவிடும் தொழிலுக்குப் போனேன். கப்பல்காரர்கள் தண்ணீரும் கேட்டார்கள். பழைய டேங்கர் லாரி ஒன்றை வாங்கினேன். அது இரண்டாகி, நாலாகி, தொண்ணூறுகளின் கடைசியில் மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் தண்ணீருக்கு அல்லாடியபோது என்னிடம் ஒன்பது டேங்கர்கள் இருந்தன. மணலி புதுநகருக்கு அந்தப் பக்கம், முள் மண்டிக் கிடந்த நிலத்தை வாங்கி போர் போட்டபோது சிரித்தவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளில் போய் மண்ணைக் கிளறிப் பார்த்துத்தான் வாங்கினேன். தண்ணீர் இனித்தது. அதற்கு மேல் யார் சிரித்தால் எனக்கென்ன?

எங்கள் ஆட்களிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இத்தனை காசு என்று எடுத்துத் தர்மத்துக்கென்று தனியாகப் போட்டுவிடுவோம். நான் மூட்டைக்குப் பதிலாக டேங்கருக்கு இவ்வளவு என்று போட்டு வந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கட்டு இருந்தது. மகமைப் பணம் வருஷம் திரும்புவதற்குள் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், தங்கினால் தரித்திரம். அதனால் ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, கோயிலுக்கு மணி என்று அவசர அவசரமாக ஏதாவது செய்து கையைக் கழுவிவிடுவேன். தர்மத்தைப் பற்றி அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. யோசிப்பதெல்லாம் வியாபாரத்துக்குத்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. என் லாரி யார்டு திருவொற்றியூரில். அதன் பின்பக்கம் ஒரு நீளச் சந்து, சந்தின் முடிவில் மூன்று மாடி ஹவுசிங் போர்டு வீடுகள். குழாயில் தண்ணீர் நின்று மாதக்கணக்காகிவிட்டது. என் டேங்கர்கள் தண்ணீர் ததும்ப வெளியே போகும்போது சந்துப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வருஷத்து மகமை மொத்தத்தையும் தண்ணீராகவே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு டேங்கர், சந்து முனையில், இலவசம்.

லாரியின் வயிற்றில் பெரிய எழுத்தில் "மகமை உபயம்" என்று எழுதி, கீழே என் நிறுவனத்தின் பெயரையும் எழுதச் சொன்னேன். சித்திரை பிறந்த அன்று மாலை போட்டு, தேங்காய் உடைத்து, முதல் குடத்தை நானே பிடித்துக் கொடுத்தேன். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. அதுதான் லாரி போகிறதே, நான் வேறு எதற்கு?

முதல் நாள் அங்கே ஒருத்தியைப் பார்த்திருந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, சட்டை முழுக்க ஈரம். ஒரு மீன்பாடி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் பலகைத் தட்டு, பின்னால் மிதிக்கிற சீட்டு, மீன்காரர்களும் ஐஸ்காரர்களும் ஓட்டுகிற அதே மூன்று சக்கர வண்டி. தட்டில் பதினாலு பிளாஸ்டிக் குடங்கள். ஒரே ஆள் பதினாலு குடத்தோடு வந்திருக்கிறாளே, என்ன பேராசை என்று நினைத்து, ஆளுக்கு நாலு குடத்துக்கு மேல் ஊற்றாதே என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அந்தக் குடங்கள் எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்து நாள் கழித்து அவளே ஆபீசுக்கு வந்தாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அடிபம்பில் நல்ல தண்ணீர் வருகிறது, விடிவதற்கு முன் போய் அடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து முப்பது வீட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்றாள். குடத்துக்கு ஒரு ரூபாய், மாடி ஏறினால் ஒன்றரை. விம்கோ நகர்ப் பக்கம் புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிப்போய் இரண்டு வருஷமாகிறது, ஆள் வீட்டோடு கிடக்கிறான். தாலிக் குண்டுமணியைத் தவிர மிச்சத்தையெல்லாம் விற்றுத்தான் அந்த வண்டியை வாங்கியிருக்கிறாள். பத்து நாளாகக் குடத்தைத் தொட ஆளில்லை.

"ஆறு மணிக்கு உன் லாரி வருது, ஆறரைக்கு என் வண்டி வருது. என் தண்ணிய எவன் அண்ணாச்சி வாங்குவான்?" என்றாள்.

ஊருக்குத் தண்ணீர் கொடுப்பதை உனக்காக நிறுத்த முடியுமா என்று கேட்டேன். குரல் அப்போதே ஏறிவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது ஊரறிந்த விஷயம்.

"நிறுத்தச் சொல்லிகினா வந்துகீறேன்? ரோட்டுக்கு வர்றவங்களுக்கு நீ ஊத்து. சந்துக்குள்ளயும் மாடிலயும் கீறவங்களுக்கு என் கைல வுடு. உன் தண்ணியவே நா கொண்டு போய்க் குடுக்கறேன். தூக்கற கூலிய மட்டும் நா வாங்கிக்கறேன். மூணாவது மாடில காலு இல்லாத பெரியவரு ஒருத்தரு கீறாரு. அவரு எப்பிடி வந்து உன் லாரில புடிப்பாரு?"

இன்று யோசித்தால், அந்த அறையில் நான் கேட்ட யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான். ஒரு மேனேஜர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இதையே சொல்லியிருந்தால் காபி வரவழைத்துக் கொடுத்திருப்பேன். ஈரச் சட்டையோடு ஒருத்தி நின்று சொன்னதால் எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. தர்மத் தண்ணீரில் கமிஷன் கேட்கிறாயா என்று கத்தினேன். கடைசியில், போனால் போகட்டும் என்று ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேஜையில் போட்டேன்.

அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. ஃபேன் காற்றில் பறந்துவிடாமல் என் பேப்பர் வெயிட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"நா பிச்ச கேக்க வர்ல அண்ணாச்சி. யாவாரம் பேச வந்தேன். வண்டி நின்னுபோச்சுன்னா எடைக்குத்தான் போடணும். அத்த மட்டும் தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் இதைப் பெரிய நியாயம் போல என் மனைவியிடம் சொன்னேன். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வார்த்தையைச் சேமித்து வைத்துச் செலவு செய்கிறவள். முறத்தில் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். அவள் என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்திருந்தேன்.

"எதுத்த கடைக்காரருக்குச் செஞ்சியள்லா, அதத்தான இவளுக்கும் செஞ்சிருக்கிய. அப்ப சீனி, இப்ப தண்ணி. வெலைய ஒடச்சி ஆள வெரட்டுததுதான் ஒங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை. தர்மத்துலயும் அதே வித்தையா?"

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் நான் சும்மா இருப்பேனா? ஆற்றில் போகிற தண்ணியை அய்யா குடி அம்மா குடி என்று அள்ளி விடுகிறேனா, என் போர், என் டீசல், என் மகமை என்று ஒரு பாட்டம் ஆடினேன். அவள் அடுத்த கருவாட்டை எடுத்துக் கிள்ளினாள். அன்று குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. நாமாகப் போய்க் கூப்பிடுவதா என்கிற வீம்பில் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். என் வாழ்க்கையில் வியாபார விஷயம் எதையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டவனில்லை.

வைகாசி முடிகிற சமயத்தில் மணலியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. பாய்லருக்குத் தண்ணீர் இல்லை, என்ன விலையானாலும் சரி, இன்றே ஒரு டேங்கர் வேண்டும் என்றார்கள். எல்லா வண்டிகளும் வெளியே போயிருந்தன. யார்டில் நின்றது "மகமை உபயம்" ஒன்றுதான். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று அனுப்பினேன். அவர்கள் இரட்டை விலை கொடுத்தார்கள். மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் அனுப்பினேன். மகமைப் பணம் எப்படியும் தீர்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களில் காலை ஐந்து மணிக்கே டிரைவருக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டாயா, எந்த கேட்டில் நிற்கிறாய் என்று நானே கேட்டேன். சந்துக்கு லாரி போன இரண்டு மாதத்தில் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. லாரியின் வயிற்றில் இருந்த எழுத்தை அழிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. தர்மம் என்று எழுதி வைத்துக்கொண்டு அது தொழிற்சாலை கேட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

நாலாவது நாள் பதினோரு மணிவாக்கில் யார்டுக்குப் போகிற வழியில் சந்து முனையில் கார் நின்றுவிட்டது. வழி முழுக்கக் குடங்கள். ஒவ்வொன்றும் காற்றில் உருண்டு போகாமல் உள்ளே ஒரு கல். சுவரோர நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வைத்த வரிசை அது. என்னைக் கண்டதும் ஒரு பெண் எழுந்து வந்து, லாரி எப்போது வரும் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிப்பேர் என்று பொய் சொன்னேன். மீன்பாடி வண்டியில் தண்ணீர் போடுகிற பெண் வரவில்லையா என்று கேட்டேன்.

"அதான் நீ வந்துட்டியே அண்ணாச்சி. அது வண்டிய எடைக்குப் போட்டுட்டு ராயபுரத்துல எறா உரிக்கப் போவுது" என்றாள் அவள், ஏதோ நல்ல சேதி போல.

அந்த நிமிஷத்தில் எனக்கு எதிர்க்கடைக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இருபது வருஷத்தில் ஒரு முறைகூட நினைக்காத முகம். அங்கேயாவது, அவர் ஷட்டரை இறக்கிய பிறகு நான் ஒழுங்காகக் கடை நடத்தினேன். ஜனங்களுக்குச் சீனி கிடைத்தது. இங்கே இவளுடைய கடையை மூடிவிட்டு என் கடையையும் மூடிவிட்டேன். வியாபாரத்தில் இப்படி ஒரு கேவலத்தை நான் செய்ததே இல்லை. தர்மத்தில்தான் செய்திருக்கிறேன். கார் சீட்டில் உட்கார்ந்தபடியே கூசிப்போனேன்.

அன்று சாயங்காலம் ஹவுசிங் போர்டில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். முதல் மாடி. புருஷன் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ஐஸில் கிடந்த இறாலைப் பகல் முழுக்க உரித்ததில் விரல்கள் வெளுத்து ஊறிப்போய், நுனிகளில் சின்னச் சின்ன வெட்டுக்கள். தப்பு என் மேல்தான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். நான் அந்தப் பழக்கம் இல்லாதவன். அதற்குப் பதிலாக, புது வண்டி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வண்டி வாங்கித் தருவ. முப்பது வூட்டு வாடிக்கய எங்க போய் வாங்குவ?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

இதைத்தானே நான் மேடை மேடையாகச் சொல்லிக் கை தட்டு வாங்கினேன். அவளே பிறகு மெல்லப் பேசினாள். இரண்டு மாதம் சும்மா வாங்கிப் பழகியவர்களிடம் போய் இனிமேல் குடத்துக்கு ஒரு ரூபாய் என்றால் சண்டைக்கு வருவார்கள் என்றாள். அடிபம்பும் வற்றிவிட்டதாம். அப்படியானால் தண்ணீரை நான் தருகிறேன், முன்பு சொன்னாயே, அப்படியே செய்யலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஒன்றரை மாதத்துக்கு முன்பு என் ஆபீசில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

மூன்று நாள் கழித்து யார்டு கேட்டில் வந்து நின்று தன் பேரத்தைச் சொன்னாள். நீ வாங்கித் தருகிற வண்டி வேண்டாம், நாள் வாடகைக்கு ஒரு மீன்பாடி வண்டி பேசிவிட்டேன். தண்ணீரை நீ தொழிற்சாலைக்குப் போடுகிற சாதாரண விலைக்கே எனக்குப் போடு. காலை ஐந்தரைக்குச் சந்து முனைக்கு லாரி வந்துவிட வேண்டும், ரோட்டுக்கு வந்து பிடிக்கிறவர்களுக்கு நீ முன்போல ஊற்றிக்கொள். முப்பது வீடுகளில் பதினோரு வீடு மட்டும் சரி என்றிருக்கிறது, அதிலே கால் இல்லாத பெரியவர் வீடும் ஒன்று. மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

முதல் நாள் நானும் சந்து முனைக்குப் போனேன். இந்தத் தடவை மாலையும் இல்லை, தேங்காயும் இல்லை. லாரியின் எழுத்தின் மேல் முந்தின நாள்தான் பச்சைப் பெயிண்டை அடிக்கச் சொல்லியிருந்தேன். அவள் குழாயைப் பிடித்துப் பதினாலு குடத்தையும் தானே நிரப்பினாள். நிரப்பி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினாள். எனக்குக் கை வரவில்லை. இருக்கட்டும் அம்மா, இந்த மாதம் போகட்டும், உன் தொழில் நிமிரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். உண்மையாகவே மனசார அப்படித்தான் சொன்னேன்.

அவள் கையைப் பின்வாங்கவில்லை.

"வாங்கிக்கோ அண்ணாச்சி. சும்மா குடுத்தா நாளைக்கு நிறுத்திடுவ. துட்டு வாங்கினா நீ வந்தே ஆவணும்."

வாங்கிக்கொண்டேன். சில்லறை ஈரமாக இருந்தது. அவள் வண்டியில் ஏறி மிதித்துச் சந்துக்குள் போனாள்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். எங்கே இந்நேரத்தில் என்று என் மனைவி கேட்டாள். சந்து லாரி கிளம்பிவிட்டதா என்று பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யார்டுக்குப் புறப்பட்டேன்.